ஜனாதிபதியின் செல்வாக்கு சரிவது எதனால்?

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப் பாதையின் ஓரத்தில், ஆறுபடை வீடுகளுள் ஒன்றைத் தன் உச்சியில் தாங்கி நிற்கும் குன்றின் அடிவாரத்து ஊராகிய திருத்தணியில், 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் எளிய தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1962 மே 13 அன்று இந்தியக் குடியரசின் இரண்டாவது ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அவர் பிறந்தபோது வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்த அவ்வூர், 1911இல் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டபோது அதனோடு சேர்ந்து, 1953 அக்டோபர் 1இல் ஆந்திர ராஜ்யத்துக்குப் போய், ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்நின்று நடத்திய வடவெல்லைக் கிளர்ச்சியின் பயனாகவும் பட்டாஸ்கர் அளித்த தீர்ப்பின்படியும் 1960 ஏப்ரல் 1இல் சென்னை ராஜ்யத்தின் செங்கற்பட்டு ஜில்லாவுக்கு மீண்டு வந்திருந்தது. மீண்டு இரண்டு ஆண்டுகள் கழிந்ததுமே அவ்வூர்ப் பிள்ளை ராஷ்டிரபதி பவனத்தில் அமர்ந்தது எல்லைப்புறத்து மக்களுக்குப் பெருமகிழ்ச்சியாயிற்று.

அவர் அப்பதவியில் இருந்த ஐந்து ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், ஓர் ஆட்சித் தலைவரின் செல்வாக்கைத் தரைமட்டமாக்கத் தேவையான யாவும் அவற்றில் இருந்தன என்றே சொல்ல வேண்டும். பதவியேற்ற ஐந்து மாதங்களில் சீனப் படை இமயத்தைக் கடந்து வந்தது. 1964 மே மாதத்தில் நேருவும், 1966 ஜனவரியில் சாஸ்திரியும் மறைந்தனர். இடையில் 1965இல் பாகிஸ்தானோடு யுத்தம். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்து, தேசம் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கரையில் நின்றது. 1966 ஜூன் 6இல் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த நாணய மதிப்பு 7 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. இவ்வளவுக்கும் பின்னர், 1967 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரஸ் பல ராஜ்யங்களில் ஆட்சியை இழந்தது. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் பதவிக்காலம் முடிந்து சென்னைக்குத் திரும்பிய ஜனாதிபதியின்மீது மக்களுக்கு வெறுப்பு எதுவும் இருக்கவில்லை. இரண்டாம் முறை அப்பதவி அவருக்குக் கிட்டாமற் போனது கட்சித் தலைமையின் தீர்மானத்தால். அவர் பிறந்த நாளை ஆசிரியர் தினமாக இன்றுவரை தேசம் கொண்டாடுகிறது. திருத்தணியில் அவர் பெயர் தாங்கிய அரசுப் பள்ளியில் பிள்ளைகள் படிக்கின்றனர்.

இதை அவருடைய கல்வியாலும் குணச்சிறப்பாலும் மட்டும் விளக்கிவிட முடியுமா? நேருவுக்குக் கல்வி குறைவா, சாஸ்திரிக்குத்தான் குணம் குறைவா? அரசியல் சாசனத்தின் 74ஆவது ஷரத்தை நோக்கினால் காரணம் விளங்கும். மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர் இந்திய ஜனாதிபதி. அரிசி வராவிட்டால் அதற்கு உத்தரவாதம் அவருடையதன்று. போர்முனையில் காலணியும் துப்பாக்கியும் இல்லாமற் போனால் பதவி விலக வேண்டியவரும் அவரல்லர். கிருஷ்ண மேனன்தான் விலகினார். அதுமட்டுமா? சீன யுத்தத்தின்போது, நமது அரசாங்கம் எளிதில் நம்பி ஏமாந்ததையும் அசட்டையாக இருந்ததையும் அவரே பகிரங்கமாகக் குறிப்பிட்டார். 1967 குடியரசு தினத்தின் முன்னாளில் வானொலியில் பேசியபோது, தேசத்தின் செல்வங்கள் திறமைக்குறைவால் வீணடிக்கப்படுவதை மன்னிக்க இயலாது என்ற பொருள்படக் கண்டித்தார். பிரஜைகளின் மனக்குறையை அவர்கள் பக்கத்தில் நின்று சொல்லக்கூடிய ஸ்தானம் அது. அதிகாரம் இல்லாத இடத்துக்குப் பழியும் வருவதில்லை.

பழியும் அதிகாரமும் ஒரே நாற்காலியில் வைக்கப்பட்ட தேசங்களில் ஜனாதிபதியின் கதி என்ன ஆகிறது என்பதை அமெரிக்கர்கள் வெகுநாளாக அளந்து வருகிறார்கள். ஜார்ஜ் காலப் 1930களில் தொடங்கி வைத்த ஜனாபிப்பிராயக் கணிப்பின்படி, யுத்தம் முடியும் தறுவாயில் 1945இல் நூற்றுக்கு 87 பேரின் ஆதரவைப் பெற்றிருந்த ட்ரூமனுக்கு, கொரியப் போர் இழுபட்டுக்கொண்டிருந்த 1952 பிப்ரவரியில் 22 பேர்தாம் எஞ்சினர். வளைகுடாப் போரில் வென்ற கையோடு 1991இல் 89 சதவீதத்தைத் தொட்ட மூத்த புஷ், அடுத்த ஆண்டு நடுவில் 29க்கு வந்து, நவம்பரில் தேர்தலிலும் தோற்றார். இவ்விஷயத்தை முறையாக ஆராய்ந்த ஜான் முல்லர் என்ற அறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரை இன்றளவும் மூலாதாரமாகக் கருதப்படுகிறது. தேர்தலில் ஒருவரை ஆதரிப்போர் பல சிறு கூட்டங்களின் சேர்க்கையே ஆதலால், ஆட்சியில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் ஏதேனும் ஒரு கூட்டத்தைப் பகைத்துக்கொள்கிறது, பிரிந்து போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பது அவர் கண்ட முதல் செய்தி. அந்நிய ஆபத்து நேரும்போது மக்கள் தலைவரைச் சூழ்ந்து நிற்பர். ஆனால் அந்த எழுச்சி விரைவில் வடிந்துவிடும். பொருளாதாரம் கெட்டால் பழி வரும். செழித்தால் அதே அளவுக்குப் புகழ் வருவதில்லை.

இவை மறுக்கத்தக்கவை அல்ல. ஆயினும் ஒரு குறை எனக்குப் புலப்படுகிறது. இக்கணக்கு செல்வாக்கைக் காலம் செல்லச் செல்லத் தானே தேயும் பொருளாகக் கொள்கிறது. ஆட்சியாளர் தம் கையாலேயே அதை அழித்துக்கொள்ளும் விதத்தை அறிய வேண்டுமானால், நமக்குப் பக்கத்தில், தமிழ் பேசும் மக்கள் வாழும் நாட்டில், சமீப காலத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் 1978ஆம் ஆண்டின் அரசியல் சாசனத்தால் நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி பதவியை ஜே.ஆர்.ஜயவர்த்தன உண்டாக்கினார். அதில் அமர்ந்தவர்களின் வாக்குக் கணக்கே ஒரு பாடமாகும். 1994இல் 62 சதவீத வாக்குகளோடு வந்த சந்திரிகா குமாரதுங்க 1999இல் 51 சதவீதத்துக்கு இறங்கினார். யுத்தம் முடிந்த பெருமிதத்தில் 2010இல் 57.88 சதவீதம் பெற்ற மகிந்த ராஜபக்ச 2015இல் 47.58 சதவீதத்தோடு தோற்றார். அவரை வென்ற மைத்திரிபால சிறிசேன 2019இல் போட்டியிடவே இல்லை. அந்த 2019 நவம்பர் 16ஆம் நாள் தேர்தலில், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் அச்சமுற்றிருந்த நாட்டுக்குப் பாதுகாப்பு அளிப்பேன் என்று கூறி, 69 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளை, அதாவது 52.25 சதவீதத்தைப் பெற்று வென்றவர் கோத்தாபய ராஜபக்ச. 2020 ஆகஸ்டில் அவர் கட்சி 225 இடங்களில் 145ஐப் பிடித்தது. அக்டோபரில் இருபதாவது திருத்தம் நிறைவேறி, ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு முன்பு போடப்பட்டிருந்த கட்டுகளும் அவிழ்ந்தன. அதன்பின் இருபத்தொரு மாதங்களுக்குள் அவர் நாட்டை விட்டே ஓட நேர்ந்தது.

அவருக்கு நேர்ந்த துன்பங்கள் யாவும் அவர் வருவித்தவை என்று கூறுவது நியாயமாகாது. கொள்ளைநோய் வந்தது, உல்லாசப் பிரயாணிகள் வரவு நின்றது, பழைய கடன்கள் முதிர்ந்திருந்தன. ஆனால் பதவிக்கு வந்த சில நாட்களிலேயே மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது யாரும் வற்புறுத்திச் செய்ததன்று. அதனால் கஜானா வற்றியது. அடுத்து வந்ததுதான் என் துணிபில் அவருடைய வீழ்ச்சியின் மையம்: 2021 மே 6ஆம் தேதி வெளியான வர்த்தமானி அறிவித்தலால் ரசாயன உரங்களின் இறக்குமதி ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. இயற்கை உரத்துக்குப் பத்து ஆண்டுகளில் படிப்படியாக மாறுவதென்பது அவருடைய தேர்தல் வாக்குறுதி; பத்து ஆண்டுகளில் செய்ய வேண்டியது ஒரே நாளில் செய்யப்பட்டது.

நெல் விளைவிப்பவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஐப்பசி கார்த்திகையில் விதைத்து மாசி பங்குனியில் அறுக்கும் பெரும்போகத்தில், பயிர் தூர் கட்டும் பருவத்தில் யூரியா இடாவிட்டால் தோகை வெளிறி, கதிர் சிறுத்து, பதர் மிகும். பின்னால் எவ்வளவு உரம் இட்டாலும் அந்தப் பருவம் திரும்பாது. அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் கிளிநொச்சியிலும் விவசாயிகள் தம் வயலிலேயே இதைக் கண்டார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து குறைந்தது. கொழுந்தை நிறுத்துக் கூலி வாங்கும் தமிழ்த் தொழிலாளிகளின் கூலியும் அதனோடு குறைந்தது. மாற்றாகச் சீனாவிலிருந்து வந்த இயற்கை உரக் கப்பலில் பயிரைக் கெடுக்கும் நுண்ணுயிரிகள் இருப்பதாக இலங்கை நிபுணர்கள் கூறியதால் சரக்கு இறக்கப்படவில்லை. இறக்காத சரக்குக்காக 67 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகத்தின் விதைப்பு தொடங்கிவிட்டிருந்தது. இதில் கவனிக்கத்தக்கது, நஷ்டமடைந்த விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் 2019இல் அவருக்கே வாக்களித்த சிங்களக் கிராமத்தவர் என்பது. முல்லர் சொன்னபடி ஓரத்துக் கூட்டங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போகவில்லை, அஸ்திவாரமே பெயர்ந்தது.

2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணி இருப்பு 2022 ஏப்ரலில் 200 கோடிக்கும் கீழே போயிருந்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் இல்லை என்பது துறைமுகத்தில் காத்துக் கிடந்த கப்பல்களைக் கண்ட யாவருக்கும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் ஜனவரி 18இல் 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குத் தவணை தவறாமல் பணம் கட்டப்பட்டது. சர்வதேச நாணய நிதியத்தை நாட வேண்டியதில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. மார்ச் மாதத்தில் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் வெயிலில் வரிசையில் நின்ற முதியவர்கள் சிலர் நின்ற இடத்திலேயே உயிர் நீத்தனர். காகிதம் இல்லாமையால் மேல் மாகாணத்துப் பள்ளிகளில் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மார்ச் 31 இரவில் மிரிஹானையில் ஜனாதிபதியின் இல்லத்தின் முன் ஜனங்கள் திரண்டார்கள். ஏப்ரல் 9 முதல் காலி முகத் திடலில் குடில் போட்டு அமர்ந்தார்கள். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. கொழும்பிலுள்ள வெரிட்டே ஆய்வு நிறுவனத்தின் கணிப்பில், 2022 ஜனவரியில் நூற்றுக்கு 10 பேர் அரசாங்கத்தை ஆமோதித்தார்கள். ஜூனில் 3 பேர். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். 13இல் மாலத்தீவுக்குப் பறந்த அவர், 14இல் சிங்கப்பூரிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார்.

வறுமை மட்டுமே காரணமானால், யுத்த காலத்திலும் 1970களின் பஞ்ச காலத்திலும் அந்நாட்டு மக்கள் பட்ட பாடு இதற்குக் குறைந்ததன்று. துன்பத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். எவ்வளவு காலம் என்று சொல்லி, எல்லோரும் சேர்ந்து தாங்குவோம் என்று கேட்கும் தலைவனுக்காக அரை வயிற்றோடும் இருப்பார்கள். சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவை விடும்படி கேட்டபோது உணவு விடுதிகள் திங்கட்கிழமை மாலையில் மூடப்பட்டதை நம் நாட்டில் முதியோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். கையிலிருக்கும் வெற்றுப் பாத்திரம் ஒன்று சொல்ல, அரசாங்கத்தின் அறிக்கை வேறொன்று சொல்லும்போதுதான் நம்பிக்கை முறிகிறது. அந்த முறிவுக்குப் பின் தலைவர் உண்மையைச் சொன்னாலும் அது செவியில் ஏறுவதில்லை. எல்லா அதிகாரத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டவருக்கு, மந்திரியின் பேரிலோ மாகாண சபையின் பேரிலோ பழியைச் சுமத்தித் தப்பவும் வழியில்லை.

ஆமோதிப்புச் சதவீதம் மறைக்கும் ஒரு பெரிய விஷயமும் இங்கே உண்டு. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2019இல் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் கோத்தாபயவுக்கு எதிராக வாக்களித்தார்கள். 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரை, முள்ளிவாய்க்காலில் உற்றாரைப் பறிகொடுத்த மக்கள் எவ்வாறு ஆதரித்திருப்பர்? கொள்ளைநோயில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் பெற்றோர் கதறக் கதற எரிக்கப்பட்டபோது அச்சமூகத்தின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? இவர்கள் கணக்கில் சரிவு என்பதே இல்லை. சரிவதற்கு முதலில் உயர்ந்திருக்க வேண்டுமல்லவா? பெரும்பான்மையோர் கைவிட்ட நாளைத்தான் உலகப் பத்திரிகைகள் வீழ்ச்சி என்று எழுதின. சிறுபான்மையோர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததை அந்நாட்களில் கேட்டிருந்தால் பெரும்பான்மையோரும் இந்தத் துன்பத்துக்கு ஆளாகியிருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம். 2022 மே 18இல் காலி முகத் திடலில், சிங்கள இளைஞர்களும் உடன் நிற்க, முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டது. உப்பும் அரிசியும் மட்டுமே இட்ட அந்தக் கஞ்சியைக் கொழும்பின் நடுவில் அருந்துவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

இந்த வீழ்ச்சி திருத்தணிப் பக்கத்தாருக்குத் தூரத்துச் செய்தியன்று. திருத்தணி அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் ஈழத் தமிழரின் முகாம் பல்லாண்டுகளாக இருக்கிறது. 2022 மார்ச் 22இல், யுத்தத்துக்கு அஞ்சியன்றி அரிசி விலைக்கு அஞ்சி, குழந்தைகளோடு 16 பேர் படகேறித் தனுஷ்கோடிக் கரைக்கு வந்தனர். மே 18இல் தமிழ்நாட்டு அரசு அனுப்பிய முதல் கப்பல் 9,000 டன் அரிசியோடும் பால்மாவோடும் மருந்தோடும் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது.

அரிசியால் ஆட்சி அசைந்த அனுபவம் நமக்கும் புதிதன்று. திருத்தணி வந்து சேர்ந்த செங்கற்பட்டு ஜில்லாவின் நசரத்பேட்டையைச் சேர்ந்தவரான பக்தவத்சலம், காமராஜ் 1963 அக்டோபர் 2இல் விலகியபின் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். நிர்வாகத் திறமையில் அவரைக் குறை கூறியவர் அரிது. ஆனால் 1965 ஜனவரி இறுதியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் மாணவர்மீது குண்டு பாய்ந்ததை, சட்டம் ஒழுங்கைக் காப்பது என்ற ஒரே கண்கொண்டு நோக்கினார். அதே சமயத்தில் அரிசிக் கடைகளில் வரிசை நீண்டது. 1967இல் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி என்றது. ஸ்ரீபெரும்புதூரில் அவரும், விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் காமராஜும் தோற்றனர். ஆயினும் 1962இல் 46 சதவீதமாக இருந்த காங்கிரஸின் வாக்கு 1967இல் 41 சதவீதமாகத்தான் குறைந்தது. ஆட்சியைப் பிடித்த தி.மு.க.வின் வாக்கும் ஏறத்தாழ அவ்வளவே. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்டுகள் வரை எதிரணி ஒன்றுபட்டதால் ஐந்து சதவீதச் சரிவு அரசாங்கத்தையே மாற்றியது. சரிவின் அளவும் தோல்வியின் அளவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. திருத்தணியை மீட்டுத் தந்த கிளர்ச்சியின் தலைவராகிய ம.பொ.சி.யும் அத்தேர்தலில் தி.மு.க. அணியில் நின்று தியாகராய நகரில் வென்றார். எல்லை திரும்பிய 1960இல் ஆட்சியிலிருந்த காங்கிரஸுக்கு, ஏழு ஆண்டுகளுக்குப் பின் அந்த நன்றி கைகொடுக்கவில்லை. பெற்ற நன்மை வழக்கமாகிவிடும். பட்ட குறை ஒவ்வொரு நாளும் புதிதாக வலிக்கும்.

ஆனால் சென்னையிலும் டில்லியிலும் நடந்தவற்றுக்கும் கொழும்பில் நடந்ததற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1963இல் சீன யுத்தத்தின் தோல்விக்குப் பின், கிருபளானியும் லோகியாவும் மசானியும் இடைத்தேர்தல்களில் வென்று லோக் சபைக்கு வந்து, ஆகஸ்டில் நேரு அரசின்மீது முதன்முதலாக நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 62க்கு எதிராக 347 வாக்குகளில் அது தோற்றது. தோற்றாலும், நான்கு நாட்கள் பிரதமர் சபையில் அமர்ந்து தம்மீதான குற்றச்சாட்டுகளைக் கேட்கவும் பதில் சொல்லவும் நேர்ந்தது. ஜனங்களின் மனக்குறை வெளிப்பட ஒரு வாசல் இருந்தது. தம் மந்திரிகளையும் குடும்பத்தாரையும் மட்டுமே கேட்ட கோத்தாபயவுக்கு அப்படியொரு வாசல் இல்லை. ஆகவே ஜனங்கள் மாளிகையின் வாசலுக்கு வந்தார்கள்.

வரிசைகளை ஒழித்தால் செல்வாக்கு திரும்பிவிடும் என்று எண்ணுவோருக்கும் இலங்கையே விடை தந்திருக்கிறது. கோத்தாபயவுக்குப் பின் பதவியேற்ற ரணில் விக்கிரமசிங்க எரிபொருளுக்குப் பங்கீட்டு முறை கொண்டுவந்து வரிசைகளை நீக்கினார். கடைகளில் சரக்கு வந்தது. ஆனால் மின்கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது. மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதமாயிற்று. நாட்டைத் திவாலாக்கியவர்கள்மீது நடவடிக்கை எதுவும் காணோம். உள்ளாட்சித் தேர்தலோ ஒத்திவைக்கப்பட்டது. 2024 செப்டம்பர் தேர்தலில் அவர் 17 சதவீதத்தோடு மூன்றாம் இடத்தில் நின்றார். 42 சதவீதம் பெற்ற அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார்.

நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா வாக்களித்தார், மகிந்தவும் வாக்களித்தார், 2015இல் மைத்திரிபால வாக்களித்து, பத்தொன்பதாவது திருத்தத்தால் ஓரளவு குறைத்தார், அதையும் இருபதாவது திருத்தம் அழித்தது. திசாநாயக்கவின் கட்சியும் 2024 தேர்தல் அறிக்கையில் அதையே கூறியது. பதவிக்கு வருமுன் ஒவ்வொருவருக்கும் அந்நாற்காலியின் அபாயம் தெரிந்தே இருந்திருக்கிறது; அமர்ந்தபின் அதை விட்டுக்கொடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. 1978இல் உண்டான அந்தப் பதவியில் இதுவரை அமர்ந்தவர்களில் ஒருவராலும் அதை ஒழிக்க முடியவில்லை.